கடலின் பின்பக்கம் அச்சான வர்ணம்

சோமசேகரம் பதிப்பித்த கீர்த்தனையைத் தாளம் பிசகாமல் பாடினால் திருகோணமலைத் துறைமுகத்தில் தண்ணீர் ஒரு முழம் ஏறும். யுத்த காலத்தில் இது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. கூப்பனுக்கு எத்தனை கொத்து அரிசி, மண்ணெண்ணெய் எந்தக் கிழமை வரும் என்று தெரிந்திருந்த மாதிரித்தான் இதுவும் தெரிந்திருந்தது. பின்னேரங்களில் உட்துறைமுக வீதிப் பக்கம் சுருதி சேர்க்கிற சத்தம் கேட்டால், கரையில் வலை காயப்போட்டவர்கள் எழும்பி வலையைக் கொஞ்சம் மேலே இழுத்துப் போடுவார்கள். பாட்டு முடியத் தண்ணீர் இறங்கும். வலை பழைய இடத்துக்குப் போகும். இதிலே வாயைப் பிளக்க என்ன இருக்கிறது என்றுதான் ஊர் நினைத்தது.

எல்லாத்துக்கும் காரணம் கடதாசி. சண்டை தொடங்கினதோடு மதராசிலிருந்து அச்சுக் கடதாசி வருவது நின்றுபோயிற்று. சோமசேகரத்தின் அச்சுக்கூடத்தில் எழுத்து இருந்தது, மை இருந்தது, மெஷினை மிதிக்க யோகலிங்கத்தின் கால் இருந்தது. அடிக்கத்தான் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் கிண்ணியா அபூதாஹிர் தோளில் ஒரு பெரிய சுருளோடு வந்து இறங்கினார். அபூதாஹிர் பாய்க்கப்பல் ஓட்டுகிற தண்டயல். றங்கூனுக்குப் போய் அரிசி ஏற்றி வருகிறவர். நேவிக்காரர் தங்கள் பழைய கடல் வரைபடங்களைக் கழித்து ஏலத்தில் விட்டபோது, கருவாடு சுற்ற உதவும் என்று மொத்தமாக எடுத்துவிட்டார். அவருக்கு வரைபடம் எதற்கு? நட்சத்திரம் பார்த்துப் போய் நட்சத்திரம் பார்த்து வருகிற மனுஷன். தடித்த, வெள்ளை வெளேரென்ற கடதாசி. முன்பக்கம் கடல், பின்பக்கம் வெறுமை. சோமசேகரம் அந்த வெறும் பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார், பிறகு அபூதாஹிரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கருவாட்டுக்கு வாழைச் சருகு போதும் என்று இருவரும் பேசி முடித்தார்கள்.

சோமசேகரம் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சங்கீதப் புத்தகம் போடுகிறவர், ஆனால் ஒரு நாளும் பாடியதில்லை. பாட வேண்டாமென்று ஊரே கேட்டுக்கொண்டது. சின்ன வயதில் கோயில் பஜனையில் ஒரு தடவை வாய் திறந்தபோது, மாடு அறுத்துக்கொண்டு வந்துவிட்டதென்று முன்வரிசைக்காரர் எழும்பி ஓடினார்களாம். தொண்டை அப்படி, காதோ வேறு சாதி. காற்றில் போகிற பாட்டைக் கேட்டு, எந்த இடத்தில் எந்தச் சுரம் நழுவியது என்று சொல்லிவிடுவார். ஒரு கலியாண வீட்டில் இரண்டு பேர் ஒரே கீர்த்தனையை இரண்டு விதமாகப் பாடினார்கள். சோமசேகரத்துக்கு அது தாங்க ஏலாமல் போயிற்று. இதில் எது சரி, எது சரி என்று பந்தலெல்லாம் கேட்டுத் திரிந்தார். மேளக்காரரைக் கேட்டார், சமையல்காரரைக் கேட்டார். அவரைப் பிடித்துக்கொண்டு வந்து மணவறையில் இருத்த வேண்டியிருந்தது, ஏனென்றால் அந்தக் கலியாணம் அவருடைய கலியாணம். அந்த வருஷமே அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தை விட்டுவிட்டு அச்சுக்கூடம் போட்டார்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு பாட்டை ஒருவரிடம் கேட்டு அச்சடிக்க மாட்டார். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் பாடி, இரண்டும் சுரத்துக்குச் சுரம் ஒத்தால்தான் எழுத்துக் கோக்கச் சொல்வார். 'இரண்டு வாய் ஒத்தால் அச்சு' என்று ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் போட்டிருக்கும். மதராசில் ஒரு சங்கீதப் பத்திரிகை அந்த வரியை மெச்சி எழுதியதிலிருந்து மனுஷனுக்குத் தலைகால் தெரியவில்லை. சட்டத்துக்குள் இன்னொரு சட்டமும் இருந்தது: வீட்டு வாய் கணக்கில்லை. இதுதான் பெரிய அநியாயம். அவர் மனைவி பாக்கியரத்தினம் சாம்பல்தீவுக்காரி. தாய் வழியில் பாட்டு வந்த குடும்பம். அந்த அச்சுக்கூடத்தில் பிழை பார்க்கிற புரூவை யாரும் வாசிப்பதில்லை. பாக்கியரத்தினம் பாடுவார், சோமசேகரம் விரலால் தொட்டுக்கொண்டு கேட்டுத் திருத்துவார். போட்ட புத்தகம் அத்தனையும் அந்த அம்மாவின் தொண்டை வழியே வெளியே வந்தவை. ஆனாலும் அவருக்குத் தெரிந்த பாட்டு சாட்சியாகாது. பெண்சாதி புருஷனுக்காக ஒத்துப் பாடிவிடுவாளாம். பாக்கியரத்தினம் புருஷனுக்காக எதிலாவது ஒத்துப்போனதை அயலில் ஒருவரும் கண்டதில்லை.

உட்துறைமுகத்தின் வரைபடத்துக்குப் பின்னால் முதல் கீர்த்தனை அச்சானது. பாக்கியரத்தினம் அதைப் பாடியபோது தண்ணீர் ஏறியது. இரண்டாம் காலத்தில் பாடியபோது நங்கூரம் போட்டிருந்த கப்பலெல்லாம் ஆதி தாளத்துக்கு எழும்பி எழும்பி இறங்கின. சீனக்குடாவில் மிதந்த கடல் விமானமொன்று தாளம் தப்பி ஆடியதாகவும் ஒரு கதை இருக்கிறது. மூன்றாம் நாள் ஒரு வெள்ளைக்கார நேவி அதிகாரி அச்சுக்கூடத்துக்கு வந்தார். கோபிக்கவில்லை. கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். காலையில் கப்பல்களுக்கு எண்ணெய் ஏற்றுகிறோம், பாட்டைப் பின்னேரத்துக்கு மாற்ற ஏலுமா என்று கேட்டார். பாக்கியரத்தினத்துக்கும் பின்னேரம்தான் வசதி. அன்று தொடங்கி நேவியின் வற்றுப் பெருக்கு அட்டவணையில் சந்திரனுக்குப் பக்கத்தில் அந்த அம்மாவின் பெயரும் இருந்தது. காம்போதி பாடுகிற நாட்களில் சின்ன வள்ளங்களைக் கட்டி வைக்கச் சொன்னார்கள்.

சோமசேகரத்தின் ஆசையெல்லாம் ஒரு வர்ணத்தின் மேலே இருந்தது. ஊர்க் கோயில் மாதுமை அம்மன்மேல் ஆனந்தபைரவியில் அமைந்தது. பாட்டைக் கட்டியவர் பெயர் தெரியாது, ஏட்டில் கிடையாது, வாய் வழியாக மட்டும் வந்தது. வருஷக்கணக்காக வாய் வாயாகத் தேடிப் பொறுக்கி எல்லா வரிக்கும் இரண்டு சாட்சி பிடித்துவிட்டார், கடைசி வரியைத் தவிர. கோயில் வித்துவான் ஒருவர் அந்த வரியைக் கீழே இறக்கி ஆதார சட்சத்தில் அமர்த்திப் பாடினார். வேறு எவருக்கும் அந்த வரி நினைவில்லை. பாக்கியரத்தினத்துக்கு இருந்தது, ஆனால் அவர் பாட்டில் அது மேலே ஏறி மேல் சட்சத்தில் போய் நின்றது. சோமசேகரம் சிரித்தார். பாட்டென்றால் முடிந்து இருக்க வேண்டும், இது வாசல் படலையடியில் நின்று ஆளைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கே என்றார். பாக்கியரத்தினம் முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குப் போனார். சோமசேகரம் கடைசி வரிக்கு இரண்டு விரல் அகலம் வெறுமையாக விட்டு, மற்ற எல்லாவற்றையும் அடித்தார். பெரிய பாட்டு என்பதால் சுருளிலிருந்த ஆகப் பெரிய தாளை எடுத்திருந்தார். அதன் மறுபக்கம் முழு வங்காள விரிகுடாவும் இருந்தது, றங்கூனிலிருந்து கொட்டியாரக் குடா வரைக்கும்.

அந்த மாசியில் அபூதாஹிர் ஆறேழு பேரோடு றங்கூனில் அரிசி ஏற்றிக்கொண்டு நின்றார். கப்பல் வெளிக்கிட்டது என்று ஒரு சேதி வந்தது. பின்னால் றங்கூன் யப்பான்காரரிடம் விழுந்தது என்ற சேதியும் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அபூதாஹிரின் மனைவி ஸாலிஹா கிண்ணியாவிலிருந்து தோணி ஏறி அச்சுக்கூடத்துக்கு வந்தார். அழ வரவில்லை. புருஷன் கடலில் நிற்கையில் அழுதால் கப்பலில் தண்ணீர் கூடும் என்பது அவர்கள் பக்கத்து நம்பிக்கை. சும்மா வந்து பாக்கியரத்தினத்தோடு இருந்தார். பாக்கியரத்தினம் வர்ணத்தின் புரூவைப் பிடித்துப் பாட, எதிரே இருந்த ஸாலிஹாவுக்குத் தாளின் கடல் பக்கம் தெரிந்தது. நடுக்கடலில் பயறளவில் ஓர் ஈரப்பொட்டு. பாடப் பாட அது மேற்கே நகர்ந்தது. ஸாலிஹா தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், உப்பு. அது அவ்வளவு பெரிய கடலில் நேரே வராமல் இடப்பக்கமாகவே சரிந்து சரிந்து வந்தது. அபூதாஹிரின் கப்பலில் சுக்கான் இடப்பக்கம் இழுக்கும். திருத்துங்கோ திருத்துங்கோ என்று ஸாலிஹா கலியாணம் முடித்த நாளிலிருந்து சொல்லி வந்தவர். அஸர் தொழுகை நேரம் பொட்டு அசையாமல் நின்றது. தொழுது முடிக்கிற அளவு நேரம் கழித்து மீண்டும் நகர்ந்தது.

"இது எங்கட மச்சான்தான் அக்கா," என்றார் ஸாலிஹா. "நீங்க பாட்ட உடாதீங்க."

பாக்கியரத்தினம் விடவில்லை. அம்மன் பாட்டாச்சே, உமக்குப் பரவாயில்லையா என்று ஒருமுறை கேட்டதற்கு, அம்மன் உங்கட அம்மன், ஆனா கடல் எல்லாருக்கும் ஒண்டுதானே என்று ஸாலிஹா சொல்லிவிட்டார். நாள்தோறும் பாட்டு நடந்தது, பொட்டு வந்தது. ஆனால் எந்த இடத்தில் அச்சு நின்றதோ அந்த இடத்துக்கு நேரே, கொட்டியாரக் குடாவுக்குச் சற்று வெளியே, பொட்டும் நின்றது. அங்கேயே வட்டம் சுற்றியது. பாக்கியரத்தினம் தன் கடைசி வரியைப் பாடிப் பார்த்தார். அச்சில் இல்லாத வரிக்குக் கடல் அசையவில்லை. அதற்குள் யப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டன. எண்ணெய்த் தாங்கி எரிந்த புகையில் பட்டினம் பகலிலும் இருண்டு கிடந்தது. சனம் பெட்டி படுக்கையோடு கன்னியாவுக்கும் தம்பலகாமத்துக்கும் ஓடியது. அச்சுக்கூடத்து ஆட்கள் ஓடவில்லை. யோகலிங்கம் மட்டும் ஒருநாள் ஓடி, மை காய்ந்துவிடும் என்ற நினைவு வந்து பாதி வழியில் திரும்பிவிட்டார்.

சோமசேகரத்துக்குச் சோறு இறங்கவில்லை. சோறு இருக்கவுமில்லை, மரவள்ளிக் கிழங்குதான் இறங்கவில்லை. அபூதாஹிர் அவருக்கு உயிர்ச் சிநேகிதன். அந்த மனுஷனுக்கும் கரைக்கும் நடுவே இரண்டு விரல் அகல வெறுமை, அதை நிரப்பத் தன்னிடம் எழுத்தும் உண்டு, மையும் உண்டு. சட்டத்தை மீறினால் இதுவரை போட்ட புத்தகம் எல்லாம் பொய்யாகிவிடும் என்று பயந்தார். மீறாவிட்டால் ஸாலிஹாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றும் பயந்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு குண்டுக் குழிகளைச் சுற்றிச் சாம்பல்தீவுக்குப் போனார், குச்சவெளிக்குப் போனார். பயத்தில் பெட்டியைத் தூக்கி நடந்தவர்களை மறித்து, ஆனந்தபைரவி வர்ணத்தில் கடைசி வரி தெரியுமா என்று கேட்டார். அவர்கள் சொன்னதை இங்கே எழுத ஏலாது. வெறுங்கையோடு திரும்பி வந்தபோது பாக்கியரத்தினம் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"உங்கட சட்டத்துக்கு ரெண்டு வாய் வேணும்," என்றார் அவர், தலை நிமிராமல். "எனக்கு இருக்கிறது ஒரு வாய். அதுக்குள்ள போடவும் அரிசியில்லை. அரிசி அந்தப் பொட்டுக்குள்ள நிக்குது."

சோமசேகரம் சட்டத்தைப் பாதி மீறினார். பிடிவாதக்காரர்கள் அப்படித்தான், முழுதாக மீற மனம் வராது. ஒரு வாய் என்றாலும் அது கோயில் வாய் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, வித்துவானின் வரியைக் கோத்து அதே தாளை மெஷினில் கொடுத்தார். வெறுமையில் பாதி நிரம்பியது. அன்று வருஷப் பிறப்புக்கு முதல் நாள். பாக்கியரத்தினம் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, தனக்குப் பிடிக்காத அந்த வரியையும் குறை வைக்காமல் இறக்கிப் பாடினார். சட்சத்தில் குரல் அமர்ந்த நேரம் கிண்ணியாத் துறையில் அபூதாஹிரின் கப்பல் கரை தட்டியது. வழக்கம் போல இடப்பக்கம் இழுத்து, வழக்கம் போல இறங்குதுறையின் அதே பனங்குற்றியை இடித்துக்கொண்டு நின்றது. அரிசி மூடை பாய்மரம் வரைக்கும் அடுக்கியிருந்தது. அடுப்பில் தணல் இருந்தது, கோப்பையில் தேத்தண்ணி ஆவி பறந்தது, கயிற்றில் உடுக்கிற சாரங்கள் காய்ந்தன. ஆள் மட்டும் ஒருவரும் இல்லை.

கரையில் சனம் கூடியது. சேதி கேட்டுத் தோணியில் வந்த ஸாலிஹா கப்பலில் ஏறி, ஒவ்வொரு மூடைக்குப் பின்னாலும் பார்த்து, இறங்கி, வந்த தோணியிலேயே பட்டினத்துக்குத் திரும்பி அச்சுக்கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"கப்பல் வந்திட்டு ஐயா. அவர் வரல்ல."

சோமசேகரம் தன் சட்டமும் போய்ச் சிநேகிதனும் போனானே என்று கதிரையில் இருந்துவிட்டார். பாக்கியரத்தினம்தான் தாளைத் திருப்பிப் பார்த்தார். பொட்டு அங்கேயே இருந்தது. குடாவுக்கு வெளியே, ஈரம் குறையாமல், இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மூவரும் குனிந்து பார்த்தார்கள். மஃரிப் தொழுகை நேரம் பொட்டு நின்றது. ஸாலிஹா அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழுதார். சந்தோஷத்தில் அழுதால் கப்பலுக்குக் கெடுதலில்லையாம்.

"பாக்கியம்," என்றார் சோமசேகரம், "உம்மட வரியைச் சொல்லும்."

"எந்த வரி? வீட்டு வாய் கணக்கில்லையே."

"இனி அதுதான் கணக்கு. சொல்லும்."

சொன்னார். யோகலிங்கம் எழுத்துப் பெட்டியைத் துழாவிவிட்டுத் தலையைச் சொறிந்தார். மேலே ஏறுகிற சுரமெல்லாம் தலையில் புள்ளி வைத்த எழுத்து. யுத்தத்தில் மதராசிலிருந்து புள்ளி எழுத்தும் வரவில்லை, இருந்ததெல்லாம் மேலே உள்ள வரிகளில் பூட்டியிருந்தது. வெறும் எழுத்தில் அடித்தால் வரி ஏறாது. ஸாலிஹா கேட்டார், புள்ளி எதில் செய்கிறது என்று. ஈயத்தில் என்றார்கள். அவர் போய்க் கிண்ணியாவிலிருந்து புருஷனின் வீச்சுவலையைக் கொண்டுவந்து கீழே போட்டார். அதன் அடியெல்லாம் ஈயக் குண்டு. விடிய விடிய நாலு பேரும் குண்டைத் தட்டி, அராவி, மிளகுக்கும் சின்னதாகப் புள்ளி செய்து ஒவ்வொரு சுரத்தின் தலையிலும் வைத்தார்கள். சோமசேகரமே மெஷினை மிதித்தார். அவர் மிதிப்பதை யோகலிங்கம் பார்த்தது அதுதான் முதல் தடவை, நன்றாக மிதிக்கவில்லை என்று பிற்காலத்தில் சொல்வார்.

வருஷப் பிறப்பன்று சூரியன் வந்த கையோடு பாக்கியரத்தினம் பாடினார். கடைசி வரி ஏறியது, ஏறி மேல் சட்சத்தில் நின்றது, மூச்சு உள்ளவரை நின்றது. தாளில் பொட்டு குடாவுக்குள் நுழைந்து கிண்ணியாவில் போய்க் காய்ந்தது. அங்கே, நேற்று வந்த கப்பலுக்குப் பக்கத்தில் அதே கப்பல் மறுபடி வந்தது. அதே கிழிந்த பாய், அதே அரிசி மூடை. இடப்பக்கம் இழுத்து மிச்சமிருந்த பனங்குற்றியை இடித்து முறித்தது. கப்பலின் முன் அணியத்தில் அபூதாஹிர் நின்று, துறையை யார் நகர்த்தி வைத்தது என்று சத்தம் போட்டார். ஆறேழு பேரும் தாடியும் சிரிப்புமாக இறங்கினார்கள். எங்கே போனீர்கள் என்று கேட்டால், எங்கேயும் போகவில்லை, கப்பலில்தானே இருந்தோம் என்றார்கள். காற்று ஏதோ மறந்துபோன மாதிரி நாள்கணக்காக நின்றதாம். நேற்றுக் கப்பல் சற்று இலேசானது போல இருந்ததாம். இன்றைக்கு விடிய மேற்கே ஒரு பொம்பிளைக் குரல், சோறு ஆறுது வாங்கோ என்று கூப்பிடுகிற மாதிரிக் கேட்டதாம். கூப்பிட்டால் வராமல் என்ன செய்வது என்றார் அபூதாஹிர்.

இரண்டு கப்பல் அரிசி. அந்தப் பஞ்சத்தில் கன்னியாவுக்கும் தம்பலகாமத்துக்கும் ஓடிய சனத்துக்கெல்லாம் மூடை போனது. கிண்ணியாவில் நெய்ச்சோறு, பட்டினத்தில் பொங்கல். நேவி அதிகாரியும் வந்து இரண்டிலும் சாப்பிட்டார். ஸாலிஹா புருஷனுக்கு முதல் பிடிச் சோறு போடுமுன் இரண்டு கப்பலின் சுக்கானையும் திருத்த வாக்குறுதி வாங்கினார். அவர் திருத்தவில்லை. இரண்டாவது கப்பலை ஸாலிஹாவின் கொழுந்தன் ஓட்டினான், அதுவும் கடைசிவரை இடப்பக்கம்தான் இழுத்தது.

வர்ணம் இரண்டு கடைசி வரிகளோடு வெளியானது. கீழே 'பாடபேதம்: பாக்கியரத்தினம்' என்று போட்டிருந்தது. அதற்குப் பிறகு சோமசேகரம் பதிப்பித்த புத்தகங்களின் முதல் பக்கத்தில் பழைய சட்டம் இல்லை. ஒத்துப்போகாத வாய்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டார். புத்தகம் தடித்தது, மனுஷன் மெலிந்தாலும் முகம் மலர்ந்தே இருந்தது. சண்டை முடிந்து மதராஸ் கடதாசி வந்தது. அதில் அச்சானவை நல்ல புத்தகங்கள், தண்ணீர் மட்டும் ஏறாது. எங்கிருந்தோ வித்துவான்கள் எழுதிக் கேட்பார்கள், வர்ணத்தில் எந்த வரி சரியென்று. அரிசி வேண்டுமென்றால் முதலாவது, ஆள் வேண்டுமென்றால் இரண்டாவது என்று சோமசேகரம் பதில் போடுவார்.

பழைய தாள் அச்சுக்கூடத்துச் சுவரிலேயே தொங்கியது. கடலுக்குப் போனவர் வரப் பிந்தினால் கிண்ணியாவிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் பெண்கள் வருவார்கள். பாக்கியரத்தினம் தாளை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, அரிசியா ஆளா என்று கேட்பார். ஆள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஒரேயொருத்தி மட்டும் வெகுநேரம் யோசித்து அரிசி என்றாள். அவள் புருஷனைத் தெரிந்தவர்கள் ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை. பாக்கியரத்தினம் அவளுக்கு முதலாவது வரியைப் பாடினார். அவள் எழும்பிப் படலைவரை போய்விட்டுத் திரும்பி வந்து, சரி அக்கா, மற்றதையும் பாடிவிடுங்கோ என்றாள்.